மறைநூலின் மௌனமும் சிறுவர் கூத்தும்

நூல் என்னும் சொல் நம் தமிழிலே பஞ்சிலிருந்து திரிக்கும் இழைக்கும் பெயர். புலவர் இயற்றும் புத்தகத்திற்கும் பெயர். நன்னூலார் இவ்விரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வைத்துப் பேசியிருப்பதை நம் கலாசாலை மாணாக்கர் படித்திருப்பர். யூதருடைய எபிரேய மொழியிலும் இத்தகைய வழக்கு ஒன்றுண்டு. தல்மூது என்னும் அவர்களுடைய பெருநூலின் பகுதி ஒவ்வொன்றுக்கும் மஸ்ஸேகெத் என்பது பெயர். அச்சொல்லுக்குத் தறியில் ஏற்றிய பாவு என்பதே பழம் பொருள். நியாயாதிபதிகளின் ஆகமத்தில் தெலீலாள் சிம்சோனுடைய சடைகளைப் பாவோடு சேர்த்து நெய்தாள் என்னுமிடத்தில் வருவதும் இச்சொல்லே. காவிரியின் கீழ்க்கரையில், விடியுமுன்னே தறியோசை கேட்கும் குமாரபாளையத்தில் வாழும் எமக்கு இவ்வொற்றுமை இனிதாயிருப்பதில் வியப்பில்லை. ஆயினும் இவ்வியாசத்தில் யாம் கூறப் புகுந்தது சொல்லாராய்ச்சியன்று. பாவு மாத்திரம் துணியாகாது, ஊடை வேண்டும். மறைநூலைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் நாம் பாவை மாத்திரம் நீட்டி வைத்துவிட்டு, ஊடையை ஓட்டும் நாடாவை அவர்கள் கைக்குக் கொடாதிருக்கின்றோமோ என்னும் ஐயமே இதனை எழுதத் தூண்டியது.

தோரா என்பது மோசேயின் ஐந்து ஆகமங்கள். போதனை என்பது அச்சொல்லின் நேர்ப் பொருள். மித்ராஷ் என்பது, தேடு, வினாவு என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த பெயர். யூத ஆசிரியராகிய ரபிமார் பல நூற்றாண்டுகளாகத் தோராவின் சொற்களைத் துருவித் துருவி வினவி, அவ்வினாக்களுக்கு விடையாகக் கதையும் உவமையும் வாதமுமாய்க் கூறிவந்தவை மித்ராஷ் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் பழையதும் பெரியதுமாகிய ஆதியாகம மித்ராஷ் ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டிலே பலஸ்தீன நாட்டில் தொகுக்கப்பட்டது. அதிலிருந்து ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தை நன்கறிந்தால் முறை முழுவதும் விளங்கிவிடும்.

ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தில், காயீன் தன் தம்பியாகிய ஆபேலோடு பேசினான் என்றிருக்கின்றது. என்ன பேசினான் என்பது எபிரேய மூலத்தில் இல்லை. அடுத்த வாக்கியத்தில் இருவரும் வயலில் இருக்கின்றனர். அதற்கடுத்ததில் தம்பி இறந்து கிடக்கின்றான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் சமாரியருடைய பிரதியும் வயலுக்குப் போவோம் என்று அண்ணன் அழைத்ததாக ஒரு சொற்றொடரை இட்டு இவ்விடைவெளியை அடைத்துவிட்டன. நம் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்போ மூலத்தைப் போலவே வாய்மூடி நிற்கின்றது. அடைக்காமல் விட்டவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில் உலகத்தின் முதற் கொலைக்கு முன் நிகழ்ந்த அப்பேச்சு எதுவென்று வினவுவதற்கு அவ்விடைவெளியே வாயில்.

ரபிமார் அவ்வாயிலின் வழியே புகுந்தனர். சகோதரர் இருவரும் உலகத்தைப் பாகம் பிரித்துக்கொண்டனர் என்றார் சிலர். ஒருவன் நிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டான். மற்றவன் அசையும் பொருள் அனைத்தையும் எடுத்துக்கொண்டான். உடனே ஒருவன், "நீ நிற்கும் நிலம் என்னுடையது" என்றான். மற்றவன், "நீ உடுத்திருக்கும் துணி என்னுடையது" என்றான். அவன், "துணியைக் கழற்று" என, இவன், "நிலத்தை விட்டுப் பற" என, அவ்வழக்கு முற்றிக் கொலையில் முடிந்தது. வேறு சிலர், அப்படியன்று, நிலமும் பொருளும் இருவருக்கும் சமமாகவே கிடைத்தன; வருங்காலத்தில் தேவாலயம் யாருடைய எல்லைக்குள் எழும்பும் என்பதே சண்டை என்றனர். மூன்றாவது சாரார் ஒரு பெண்ணைக் குறித்த சண்டை என்றனர். மூன்று கருத்தும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. சொத்து, சமயம், காமம் என்னும் மூன்றுக்கு வெளியே மனிதர் ஒருவரையொருவர் கொல்வதற்கு நாலாவது காரணம் உண்டோ என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். இவற்றுள் இதுவே மெய் என்று தொகுத்தவர் தீர்ப்புக் கூறவில்லை. இவற்றில் ஒன்றேனும் மறைநூலின் வாக்கியமாக ஏறிவிடவும் இல்லை.

நிலமுள்ளவனும் துணியுள்ளவனும் என்னும் அவ்வழக்கைச் சேலம், நாமக்கல் சமவெளிச் சிறுவர்க்குச் சொல்லிப் பாருங்கள். குமாரபாளையத்தில் தார் சுற்றும் வீட்டுப் பிள்ளைக்கும், திருச்செங்கோட்டுப் பக்கத்தில் வரப்புத் தகராறு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் இதில் விளக்கவுரை வேண்டுவதில்லை. துணி நெய்பவன் நிலத்தின்மேல் நின்றே நெய்கின்றான். உழுபவன் துணியை உடுத்தே உழுகின்றான். ஆதலின் இப்பாகப் பிரிவினை தொடங்கும்போதே பழுதானது என்பதை அவர்கள் நமக்கு முன்னே கண்டுகொள்வர்.

இது நமக்குப் புதியதோர் அந்நியப் பழக்கம் என்று அஞ்சுவோர் தம் ஊர்த் தெருக்கூத்தை நினைத்துக்கொள்வாராக. கர்ண மோட்சம் என்னும் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்க்குக் கர்ணனுடைய மனைவி பொன்னுருவியைத் தெரியும். போருக்குப் புறப்படும் கணவனை அவள் மறித்துக் கேட்கும் கேள்விகளையும் தெரியும். வியாச பாரதத்தில் பொன்னுருவி என்றொருத்தி இல்லை. பெரியதொரு வீரன் சாகப் போகையில் வீட்டில் இருந்தவள் என்ன சொன்னாள் என்று எவனோ ஒரு கூத்தன் வினவினான். அவ்வினாவிற்குள்ளிருந்து அவள் முகத்திற் பொடி பூசிக்கொண்டு வெளியே வந்தாள். இதற்கு நம்மவர் தனிப்பெயர் இடவில்லை; யூதர் இட்டனர். அவ்வளவே வேற்றுமை என்று சொல்லத் தோன்றுகின்றது. ஆனால் அஃது அவ்வளவில் நிற்பதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

யூதருள்ளும் இவ்வினாவுதல் ஏட்டளவில் நின்றதில்லை. பஸ்கா இராத்திரியில் வீட்டின் இளைய பிள்ளை நான்கு கேள்வி கேட்ட பின்னரே எகிப்திலிருந்து புறப்பட்ட கதை தொடங்கவேண்டும் என்பது அவர்கள் நியமம். கசப்புக் கீரையும் புளியாத அப்பமும் அக்கதையின் மேடைப் பொருள்கள். பூரீம் பண்டிகையில் எஸ்தரின் சரித்திரம் வாசிக்கப்படும்போது ஆமானுடைய பெயர் வருந்தோறும் சிறுவர் கிலுகிலுப்பை சுழற்றி அப்பெயரை அமுக்கிவிடுவர். வேடம் புனைந்து நாடகம் ஆடுதலும் அந்நாளின் வழக்கம். இவற்றினும் மிக முந்தியது, கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டினது என்று அறிஞர் கருதும் கிரேக்க நாடகம் ஒன்று. எசேக்கியேல் என்னும் யூதர் யாத்திராகமத்தைக் கிரேக்கத் துன்பியல் நாடகமாக இயற்றினார். அதில் 269 அடிகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன.

நம் தேசத்து யூதரிடமிருந்தே இதற்கு நல்ல உதாரணம் கிடைப்பதை அறிந்தபோது யாம் பெருமகிழ்ச்சி அடைந்தோம். கொங்கணக் கரையிலே பெனே இஸ்ரவேலர் என்னும் யூத வகுப்பார் பல தலைமுறைகளாகக் கிராமங்களிற் செக்காட்டிப் பிழைத்தனர். சனிக்கிழமையன்று செக்கு ஓட்டாத காரணத்தால் அயலார் அவர்களைச் சனிவாரத் தேலிகள், அஃதாவது சனிக்கிழமைச் செக்கார், என்றே அழைத்தனர். எபிரேயப் புத்தகங்கள் அவர்களிடம் இல்லாதிருந்த காலம் நெடியது. பம்பாயில் ஊழியஞ்செய்த ஸ்காத்லாந்து மிஷனரி யோவான் வில்சன் 1832-இல் எபிரேய இலக்கணத்தை மராத்தியில் எழுதி அவர்கட்குத் தந்தார். அவர்கள் மிஷன் பாடசாலைகளிற் படித்து எபிரேயம் கற்று, பெரும்பாலும் யூதராகவே நிலைத்து, தம் முன்னோருடைய மறையைத் தாமே திறந்துகொண்டனர் என்பது நம்மைப் போன்ற மிஷன் கலாசாலையார் மனத்தில் வைத்து எண்ணத்தக்க செய்தி.

திறந்துகொண்ட மறையை அவர்கள் தம் பிள்ளைகளுக்கும் எழுத்தறியாத பெண்டிருக்கும் எவ்வாறு கொண்டு சேர்த்தனர்? பிரசங்கத்தினால் மட்டுமன்று, கீர்த்தனத்தினால். 1880-ஆம் ஆண்டளவில் பம்பாயிலே பெனே இஸ்ரவேல் அன்பர் சிலர் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, தம் இந்து அயலார் புராணங் கூறும் முறையையே எடுத்துக்கொண்டு, ஆபிரகாம் முதலிய முற்பிதாக்களின் சரிதங்களை மராத்தியில் வசனமும் பாட்டுமாகச் சொல்லத் தொடங்கினர். ஒருவர் நின்று கதையை நடத்துவார், மற்றையோர் பின்பாட்டுப் பாடுவர், வாத்தியங்கள் உடனிசைக்கும். இவர்கள் எடுத்தாண்ட அம்மராத்தியக் கீர்த்தன மரபே தஞ்சைக்கு வந்து, தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் போன்றோரால் நம் கதாகாலட்சேபமாக உருப்பெற்றது. ஆகவே தஞ்சையின் காலட்சேபமும் பம்பாய் யூதரின் ஆபிரகாம் சரிதமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

கொச்சி யூதருள்ளே இப்பணியைச் செய்தவர் பெண்கள். மலையாளத்திலே பாட்டுக்கட்டி, கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, கலியாண வீடுகளிலும் பண்டிகைகளிலும் பாடினர். அப்பாடல்களுட் பல வேதாகமக் கதைகள். மூலத்தில் இல்லாமல் மித்ராஷில் மட்டுமே காணப்படும் செய்திகளும் அவற்றிற் கலந்துள்ளன. அவ்வகுப்பாரிற் பெரும்பாலோர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இஸ்ரவேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்தபோது குறிப்பேடுகளும் அவர்களோடு சென்றன. ஸ்கறியா சக்கரியா என்னும் மலையாளப் பேராசிரியரும் ஓபிரா கமலியேல் என்னும் ஆராய்ச்சியாளரும் பதிப்பித்த ஒரு தொகுதி 2005-இல் எருசலேமில் வெளிவந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் குறத்தியைக் கொண்டு குறி சொல்ல வைத்ததும் இவ்வினத்ததே என்றாலும், அதனை நம் பக்கங்களிற் பலர் பலமுறை எழுதியிருப்பர் ஆதலின் இங்கே விரிக்காது விடுகின்றோம்.

இனிக் கற்பிக்கும் முறைக்கு வருவோம். அமெரிக்காவிலே பீட்டர் பிட்செல் என்பவர் இவ்வினாவுதலை நடிப்போடு சேர்த்துக் கற்பிக்கும் ஒரு முறையை வளர்த்து, 1998-இல் வெளியிட்ட புத்தகமொன்றில் அதனை விளக்கினார். பைபிளியோட்ராமா என்பது அம்முறையின் பெயர். ஒப்பனையும் மனப்பாடமும் அதில் முக்கியமல்ல. ஆசிரியர் ஓரிடத்தை வாசித்து நிறுத்தி, "நீ இப்போது நோவாவின் மனைவி, பேழைக்குள் நுழையும்போது எதை வெளியே விட்டு வந்தாய்?" என்று கேட்பார். மாணாக்கர் 'அவள்' என்று சொல்லாமல் 'நான்' என்று தொடங்கி விடை கூறவேண்டும். அவ்வொரு சொல் மாற்றமே அம்முறையின் உயிர். அவள் என்ன செய்தாள் என்னும் வினாவிற்குப் பிள்ளை புத்தகத்தைத் தேடும். நான் என்ன செய்தேன் என்னும் வினாவிற்குத் தன்னைத் தேடும்.

இதற்குக் கடல் கடந்து ஆசானைத் தேடவேண்டுவதில்லை. நம் கூத்தின் கட்டியக்காரன் இருக்கின்றான். திரைக்குப் பின்னிருந்து வேடதாரி வரும்போது, நீ யார், எங்கிருந்து வருகின்றாய், உன் பேர் என்ன, உனக்கு இங்கே என்ன வேலை என்று எந்த அரசனையும் அஞ்சாது வினவுகின்றவன் அவன். கதைக்கும் சபைக்கும் நடுவே நிற்பவன். வகுப்பில் மூவகை வேலையை வகுத்துக்கொள்ளுதல் நலம். ஒரு பிள்ளை வேதபுத்தகத்தைக் கையில் ஏந்தி, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்கவேண்டும். ஒரு சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் அவனுக்கு அதிகாரமில்லை. வேடமேற்ற பிள்ளைகள் வாசிப்பு நின்ற இடத்தில் தம் சொற்களாற் பேசுவர். கட்டியக்காரனாகிய பிள்ளை கேள்வி கேட்பான்; விடை சொல்லமாட்டான். ஆசிரியர் கட்டியக்காரன் வேலையைத் தாமே எடுத்துக்கொள்ள ஆசைப்படுவார். முதலிரண்டு நாள் அங்ஙனம் செய்யலாம். பின்னர் விட்டுக்கொடுத்தல் வேண்டும். கேட்கத் தெரிந்த பிள்ளை கிடைத்துவிட்டால் வகுப்பிற்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

கடவுள் வேடத்தை எப்பிள்ளைக்கும் கொடுத்தலாகாது என்பது எம் துணிபு. கடவுளின் வாக்கு வாசிப்பவன் வாயால், புத்தகத்தில் உள்ளபடி மாத்திரம் வரட்டும். பயபக்தி ஒரு காரணம். மற்றொன்று, அவ்வேடம் பெற்ற பிள்ளை பெரும்பாலும் ஆசிரியரைப் போலவே பேசத் தொடங்கிவிடும் என்பது. ஈசாக்கைப் பலிகொடுக்கச் சென்ற சரித்திரத்தையும் பத்து வயதிற்குட்பட்டோரிடம் நடிக்கக் கொடுக்கவேண்டா. அவ்வதிகாரத்தில் சாராள் ஒரு சொல்லும் பேசவில்லை, அடுத்த அதிகாரம் அவளுடைய மரணத்தோடு தொடங்குகின்றது. அவ்விரண்டையும் இணைத்து ரபிமார் சொன்னவை மனத்தைப் பிளக்கக் கூடியவை. கலாசாலை வயதினர் அதனை எடுத்துக்கொள்ளட்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஞாயிறு பாடசாலை நாடகங்களில் பிள்ளைகள் எல்லாரும் பழைய மொழிபெயர்ப்பின் நடையிலே பேசுகின்றனர். இடையனும் அப்படி, பார்வோனும் அப்படி, ஆடு பேசினாலும் அப்படியே பேசும். வாசிப்பவன் அந்நடையில் வாசிக்கட்டும். அது கம்பீரமானது, காதில் நிற்கவேண்டுவது. வேடமேற்றவர்கள் தம் வீட்டுக் கொங்குப் பேச்சிலேயே பேசட்டும். "ஏனுங்கப்பா" என்று அழைக்கும் வாயிலிருந்துதான் அப்பாவிடம் கேட்கவேண்டிய கேள்வியும் பிறக்கும்.

அக்கேள்விகளுள் ஒன்றற்காகவே இவ்வியாசத்தை எழுதினோம் என்று சொன்னாலும் பொருந்தும். யாத்திராகமத்தின் முதலிரண்டு அதிகாரங்கள் எம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தவை போலும். ஆறு இருக்கின்றது, நாணல் இருக்கின்றது, கீல் பூசிய பெட்டி இருக்கின்றது. மேற்கரையிலுள்ள பவானிக்கும் கீழ்க்கரையிலுள்ள குமாரபாளையத்திற்கும் நடுவே காவிரி ஓடக் காண்பவர்கள், பரிசலின் அடியிலே கீல் பூசுவது எதற்கென்று அறிந்தவர்கள், ஆடிப்பெருக்கில் ஆற்றின் வேகம் எத்தகையது என்று பெரியோர் எச்சரிக்கக் கேட்டவர்கள், ஒரு மூன்று மாதக் குழந்தையைப் பெட்டியிலிட்டு ஆற்றில் விடுவது இன்னதென்று உணர்வர். ஆயினும் மூலத்தில் அத்தாய் வாய் திறக்கவில்லை. யோகெபேத் என்னும் அவள் பெயர்கூட அவ்விடத்தில் இல்லை. குழந்தையை மூன்று மாதம் ஒளித்துவைத்தாள் என்பதோடு முடிகின்றது.

இங்கே பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். கட்டுரையன்று, தாலாட்டு. அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் பாடவேண்டிய தாலாட்டு. தாலாட்டின் இலக்கணமெல்லாம் குரலை நீட்டிப் பாடுவதில் இருக்க, நீட்டக்கூடாத தாலாட்டு எப்படியிருக்கும் என்று ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கினால், பார்வோனுடைய ஆட்சி எத்தன்மையது என்று நாம் தனியே விளக்கவேண்டுவதில்லை. ஆபேலுக்காக ஏவாள் பாடும் ஒப்பாரியும் இவ்வாறே எழுதத்தக்கது. அதுவரையில் உலகத்தில் ஒருவரும் இறந்ததில்லை; ஒப்பாரி என்னும் பாட்டையே அவள்தான் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டும். நம் பெண்டிர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பாட்டு வகைகள் மறைநூற் கல்விக்கு இத்தனை பயன்படும்போது, அவற்றைப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பது ஏனென்று எமக்கு விளங்கவில்லை.

இனி அக்கேள்வி. தல்மூதில் சோத்தா என்னும் பகுதி, மோசேயின் பிறப்பிற்கு முன் நிகழ்ந்ததாக ஒரு செய்தி கூறுகின்றது. ஆண்குழந்தைகளை ஆற்றில் எறியவேண்டும் என்னும் பார்வோனுடைய கட்டளை பிறந்தவுடன், அம்ராம் என்னும் பெரியவர், இனிப் பிள்ளை பெறுவது வீண் என்று மனைவியைப் பிரிந்தார். அவர் குலத்துக்குத் தலைவராதலால் மற்றையோரும் தத்தம் மனைவியரைப் பிரிந்தனர். அப்போது அவருடைய மகள் மிரியாம், சிறு பெண், தந்தையின் முன் வந்து நின்று, அவருடைய கட்டளை பார்வோனுடையதினும் கொடியது என்றாள். பார்வோன் ஆண்பிள்ளைகளை மாத்திரமே வேண்டாமென்றான். நீரோ ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் சேர்த்தே இல்லாமற் செய்கின்றீர் என்பது அவள் வழக்கு. அம்ராம் அதனைக் கேட்டு எழுந்து போய் மனைவியை மீண்டும் கைப்பிடித்தார். ஏனையோரும் அவ்வாறே செய்தனர். அதன் பின்னரே மோசே பிறந்தான்.

இக்கூற்றை நம் சமவெளியில் ஒரு பெண்குழந்தை எழுந்து நின்று சொல்வது வேறிடத்தில் சொல்வதைப் போன்றதன்று. பிறந்த பெண்சிசுக்களைக் கொல்லும் கொடுமை காரணமாகத் தமிழ்நாட்டு அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் முதன்முதலாகத் தொடங்கியது சேலம் மாவட்டத்திலேயே. நாமக்கல் அப்போது தனி மாவட்டமாகப் பிரியவில்லை. 1997-இல் தான் பிரிந்தது. ஆகவே அத்தொட்டில் எம் மாவட்டத்துத் தொட்டில். யாத்திராகமத்துப் பார்வோன் மருத்துவச்சிகளாகிய சிப்பிராளையும் பூவாளையும் அழைத்து, ஆணாயிருந்தால் கொல்லுங்கள், பெண்ணாயிருந்தால் பிழைக்கட்டும் என்றான். அவ்விரு மருத்துவச்சிகளும் அரசனுக்குக் கீழ்ப்படியவில்லை. ஆண், பெண் என்னும் இரண்டு சொற்களையும் இடம் மாற்றி வைத்துப் படித்தால் அஃது எவ்வூர்க் கதையென்று சொல்லவேண்டுமோ? இதனைப் பிள்ளைகளிடம் ஆசிரியர் எடுத்துப் பேசவேண்டா. பேசுவது அவர்கள் வயதிற்கு ஒவ்வாது. மிரியாமின் வழக்கைச் சொல்லவும், மருத்துவச்சிகள் அரண்மனையிலிருந்து வீடு திரும்பும் வழியில் பேசிக்கொண்டதை எழுதவும் இடங்கொடுத்தாற் போதும். கூத்தைக் காண வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டனாரும் பாட்டியாரும் தத்தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வர். மேடையில் நிற்கும் பெண் ஒரு சொல்லும் மிகையாகக் கூறியதில்லை. ரபிமார் எழுதி வைத்ததையே கூறினாள்.

மறைநூலோடு எதனையும் கூட்டலாகாது என்று உபாகமத்திலேயே விலக்கியிருக்கப் பிள்ளைகளைக் கொண்டு கூட்டுவது தகுமோ என்று பக்தியுள்ள பெரியோர் வினவுவர். நியாயமான வினா. அதற்கு யூதரே விடை வைத்திருக்கின்றனர். எத்தனை விளக்கம் எழுந்தாலும் வாக்கியம் தன் நேர்ப்பொருளை விட்டு நீங்காது என்பது தல்மூதில் வரும் விதி. கர்ண மோட்சத்திற்கும் மித்ராஷிற்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் புலப்படும். கூத்தைப் பார்ப்பவர்க்குப் பொன்னுருவி வியாசர் தந்தவளா, கூத்தன் தந்தவளா என்பது பெரும்பாலும் தெரியாது, தெரியவேண்டுவதும் இல்லை. மித்ராஷ் படிப்பவனோ எது மூலம், எது மூலத்தின்மேல் எழுந்த வினா என்பதை எக்கணமும் அறிந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் அறியாத பிள்ளைக்கு மித்ராஷைக் கொடுப்பது தீங்கே. நாம் கண்டவரையில், ஆபிரகாம் தன் தகப்பனுடைய கடையிலிருந்த விக்கிரகங்களை உடைத்தான் என்பது ஆதியாகமத்தில் உள்ள செய்தியென்றே பெரியவர்களுள்ளும் பலர் நம்பியிருக்கின்றனர். அது மித்ராஷ். வேதபுத்தகத்தைக் கையில் ஏந்திய பிள்ளை அரங்கை விட்டு ஒருபோதும் இறங்கலாகாது என்று யாம் வற்புறுத்துவது இதனாலேயே. வசன மனனத்தையும் யாம் இகழவில்லை. எழுத்துக்கு எழுத்து மூலத்தை அறிந்தவனுக்கே அதில் எழுதாதது எதுவென்று தெரியும்.

மற்றொன்றும் உண்டு. ரபிமாருடைய சொற்களை எடுத்தாளும் கிறிஸ்தவ ஆசிரியர், இது யூதர் கண்ட பொருள் என்று பிள்ளைகளுக்குப் பெயர் கூறியே கொடுத்தல் வேண்டும். நம் பிரசங்கங்களில் யூத போதகர் என்றாலே மாயக்காரர் என்னும் ஒரே வேடத்தில் வந்து போகின்றனர். அச்சித்திரம் ஐரோப்பாவில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1933 முதல் 1945 வரையுள்ள சரித்திரம் படித்தவர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

எழுதும் ஏட்டைப் பற்றிச் சொல்லி நிறுத்துகின்றோம். 1517-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் தானியேல் பொம்பெர்க் என்னும் கிறிஸ்தவ அச்சகர், யூதருக்காக எபிரேய வேதத்தை அவர்களுடைய உரைகளோடு சேர்த்துப் பதிப்பித்தார். நாளடைவில் அத்தகைய பதிப்புக்களில், பக்கத்தின் நடுவே மூலம் பெரிய எழுத்தில் நிற்க, உரைகாரர் பலரும் சிறிய எழுத்தில் அதனைச் சுற்றி அமர்ந்திருக்கும் அமைப்பு நிலைபெற்றது. பிள்ளைகளின் ஏட்டையும் அவ்வாறே கோடிட்டுக் கொடுத்தல் எளிது. நடுவிலே நாலைந்து வசனம், கறுப்பு மையினால் பிழையின்றிப் பார்த்தெழுதியது. நாற்புறமும் அகன்ற ஓரம், வேறு நிற மையினால் அவர்கள் எழுதுவதற்கு. யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்திற்கு வரும்போது ஓரத்தில் இடம் சற்று மிகுதியாகவே விடவேண்டும். பார்வோனுடைய மகள் பெட்டியை எடுக்க எதனை நீட்டினாள் என்னுமிடத்தில் உள்ள எபிரேயச் சொல், தோழி என்றும் படிக்கலாம், முழங்கை என்றும் படிக்கலாம் என்பதால், தோழியை அனுப்பினாள் என்று ஒரு ரபியும், தானே கையை நீட்டினாள் என்று மற்றொரு ரபியும் வாதித்திருக்கின்றனர். தோழிகள் அவளைத் தடுத்தனர் என்றும் ஒரு செய்தி தல்மூதில் உண்டு: உலகமெல்லாம் அரசன் கட்டளையை மீறினாலும் அவன் வீட்டாராவது அதனைக் காக்கவேண்டாமா, நீயே உன் தகப்பன் கட்டளையை மீறலாமா என்று அவர்கள் கேட்டனராம். அரசகுமாரிக்கு நாளாகமத்தில் வரும் பித்தியாள் என்னும் பெயரை ரபிமார் தந்தனர். தண்ணீரில் இறங்கிப் பெட்டியைக் கொண்டுவந்த தோழி ஒருத்தி உண்டானால், அவளுக்கு ஒருவரும் பெயரிடவில்லை. அவ்வோரத்தை வெறுமையாக விட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.